மேல்பாதி, கீழ்ப்பாதி

ராக்வெல் வீட்டு உயர அலமாரியைப் பிரிக்க
என்னைத்தான் கூப்பிட்டார்கள்.
செய்தவனே பிரித்தால்
கூலி குறையும் என்று ஒரு கணக்கு.

வெதர்ஸ்ஃபீல்டில் அது வெங்காயம் உலர்த்தும் மாதம்.
ஆற்றங்கரை வரை நெடி.
அக்காள் கண்ணைத் துடைத்தாள், தங்கையும் துடைத்தாள்.
எதற்கென்று நான் கேட்கவில்லை.

தாயின் சொத்தை மதிப்பிட வந்த மூன்று பேர்
தொப்பியைக் கழற்றாமல் எழுதினார்கள்:
மேல்பாதி ட்ரைஃபீனாவுக்கு,
கீழ்ப்பாதி கெஸையாவுக்கு.
மை உலர மணல் தூவி, ஊதி,
சைடர் கேட்டார்கள்.

உள்ளதைச் சொன்னால்
அது எப்போதுமே இரண்டு பெட்டிதான்.
ஒன்றன் தலையில் மற்றொன்று உட்காரும்.
நடுவில் ஆணி இல்லை, வச்சிரம் இல்லை,
சுற்றிவர விரல்கன ஓரச்சட்டம்,
அதுவும் சொந்த கனமும்தான் பிடிப்பு.
இரண்டு ஆள் தூக்கினால் வந்துவிடும்.
வந்துவிட்டது.

பின்பலகை பைன், இழைக்காத முரடு.
என் வாளின் பல்தடம் அப்படியே கிடந்தது,
நேற்று அறுத்ததுபோல.
ஒரு இழுப்பறையின் பின்மூலையில்
புறாவால் மூட்டு ஒன்று தப்பாய் வெட்டி
சிராய் செருகி மறைத்திருந்தேன்.
இருபத்து நான்கு வருஷம் யாரும் பார்க்கவில்லை.
அது மேல்பாதியில் இருந்தது.
வெர்மான்ட் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

இன்னொன்றையும் யாரும் பார்த்ததில்லை என்றுதான் நினைத்திருந்தேன்.

அறுபத்தெட்டில், புயலில் சாய்ந்த செர்ரி மரம் அது.
நடுவில் அகலமாய் ஒரு பலகை வந்தது,
கன்றுக்குட்டியின் நெற்றிபோல அதில் ஒரு சுழி.
நீளவாக்கில் அறுத்தேன்.
ஒரு துண்டு மேலே கடைசி இழுப்பறைக்கு,
மற்றது கீழே முதல் இழுப்பறைக்கு.
மூடி நிற்கும்போது
இடையில் சட்டம் ஓடினாலும்
சுழி சுற்றி முடியும்.
பணம் கொடுத்தவர் பார்த்ததெல்லாம்
பர்மிங்ஹாமிலிருந்து கப்பலேறி வந்த
பித்தளைக் கைப்பிடிகளை.

வைக்கோல் சுற்றிய மேல்பாதி
மாட்டுவண்டியில் ஏறிய பிறகு
கெஸையா மண்டியிட்டு
கீழ் இழுப்பறைமேல் விரலை ஓட்டினாள்.
விளிம்பு வந்ததும் நிறுத்தினாள்.
"மேலே ஏறிப் போகுமே இது,
காய்ச்சலில் கிடந்தபோதெல்லாம்
இதைத்தானே சுற்றிக்கொண்டிருந்தேன்."

எனக்கு ஒன்றும் சொல்ல வரவில்லை.
கொட்டாப்புளியை எடுத்துப் பையில் வைத்தேன்,
பிறகு வெளியே எடுத்தேன்.

அவள் பாதிக்கு மேலே பலகை வைத்து மூடினேன்.
வளைகாலில் நிற்கும் மேசை ஆயிற்று.
சிப்பிச் செதுக்கலில் படிந்த தூசியை
வாத்து இறகால் தட்டினேன்,
அதற்குக் கூலி போடவில்லை.

ட்ரைஃபீனா பாதிக்கு நான்கு குட்டைக்கால்.
வண்டி இரண்டு நாள் காத்திருந்தது.
பிறகு அவள் முகட்டைக் காட்டினாள்,
இரண்டு அன்னக்கழுத்தாய் வளைந்து
நடுவில் சுடர் நிற்கும் முகடு,
பதினோரு நாள் வேலை.
"இது வேண்டாம். அங்கே எங்களுக்கு ஒரே அறை.
ரொட்டி வைக்க மேலே தட்டையாய் இருக்கட்டும்."
ரொட்டிக்கு எதிராக என்ன வாதாடுவது.
ஒரு சங்கீதம் பாடி முடிக்கும் நேரம்கூட
ஆகவில்லை வாளுக்கு.

கணக்குப் புத்தகத்தில் இப்படி இருக்கிறது:
நான்கு கால், ஆறு ஷில்லிங்.
மேல்பலகை ஒன்று, ஏழு ஷில்லிங்.
முகடு அறுத்தது, ஒன்பது பென்ஸ்.
கெஸையா வெங்காயச் சரமாய்க் கொடுத்துத் தீர்த்தாள்,
முப்பது சரம், பரணெல்லாம் தொங்கியது.
ட்ரைஃபீனா வசந்தத்தில் அனுப்புவதாய்ச் சொன்னாள்.
வசந்தம் மூன்று வந்து போயிற்று.

சுடரை யாரும் கேட்கவில்லை.
கைக்கு அடக்கமாய், நல்ல கனம்.
பட்டறையின் தெற்கு ஜன்னல்
தூக்கினால் நிற்காமல் விழும்.
அதற்கு முட்டுக்கொடுத்திருக்கிறேன்,
வச்சிரம் காய்ச்சும்போது
நாற்றம் வெளியே போக.